இரண்டாம் எண் பானை

நான்தோங் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
என் பொறுப்பில் இரண்டு பானைகள்.

முதலாவதில் ஹுவாங்ச்சி வேர், சைஹு வேர்,
பாம்பு நாக்கு என்று பெயர் வாங்கிய பூண்டு.
ஆமையோட்டை மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக
தனியே வேகப் போட வேண்டும்.
இரண்டாவதில் கருக்கிய சர்க்கரை, மாவுக்கஞ்சி,
நாக்கை ஏமாற்றக் கொஞ்சம் கசப்புத் தூள்.
இரண்டும் ஒரே பழுப்பு.
பைகளில் எண் ஒட்டுவது வேறு அறை, வேறு ஆள்.
எது யாருக்கென்று மருத்துவர் யென்னுக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

செவ்வாய்தோறும் என் ஜன்னலுக்கு வருவார் கு பெய்மிங்.
படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்ப்பவர்,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
கல்லீரலில் முட்டையளவு ஒன்று இருந்தது,
வெட்டி எடுத்த இடத்துக்குப் பக்கத்தில்
எலுமிச்சை விதைபோல் மறுபடி இரண்டு.
"பூஞ்சை பிடித்த சோளம், வாய்க்கால் தண்ணீர்,
அப்படித்தான் வளர்ந்தோம்" என்பார்,
பக்கத்து வீட்டுக் கடனைச் சொல்வதுபோல.

அவர் ரத்தத்தில் ஒரு குழாய் மாடிக்குப் போகும்.
அங்கே ஒளியில் மினுங்கும் அணுக்களை எண்ணுகிறவள்
பான் லிங்யா.
காவல் அணுக்கள் கட்டிக்குள் நுழையாமலில்லை,
நுழைகின்றன என்றாள் ஒரு மதியம்.
நுழைந்து, பகையை அடையாளமும் கண்டு,
அதன் பக்கத்திலேயே களைத்து உட்கார்ந்துவிடுகின்றன.
"ஈரலே அப்படித்தான்" நூடுல்ஸை உறிஞ்சியபடி சொன்னாள்,
"குடலிலிருந்து வருவதெல்லாம் அதன் வாசல் வழி.
ஒவ்வொன்றுக்கும் கத்தியை உருவினால் உடம்பு தாங்குமா?"
கல்லாக இருக்க வேண்டிய இடத்திலும்
ஈரம் காட்டிப் பழகிய உறுப்பு.

உன் பானை அவற்றை எழுப்புமா என்று நானே கேட்டேன்.
எலியில் எழுப்பியது என்றாள்.
எலி எஞ்சின் பழுது பார்ப்பதில்லை.

ஒன்பதாம் வாரம் காலிப் பைகளை எண்ணும்போது
ஒன்றின் மூலையில் நாலு சொட்டு மிச்சம்.
மோந்து பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
கருகிய சர்க்கரை.

அதே சமயம், கண்ணாடித் துளை வழியே,
அவர் மனைவி ருய்ஃபெனின் கம்பளிக் கோட்டிலிருந்து
பச்சைப் பயறை மென்றது போன்ற வாசனை.
பதினாறு வருடமாக என் முடியை விட்டுப் போகாத
ஹுவாங்ச்சி.
எலும்புச் சூப்பில் போட்டுக் கொதிக்க வைக்கிறாள்.
அவருக்கே தெரியாமல்.
"இப்போதெல்லாம் அரைக் கிண்ணம் சோறு உள்ளே போகிறது"
என்றாள், நான் எதுவும் கேட்காதபோதே.

படிவத்தில் பதினோராம் கேள்வி:
வேறு மருந்து ஏதேனும் உட்கொண்டாரா?
ஆம் என்றால் அவர் எண் பட்டியலிலிருந்து விழும்.
இல்லை என்றால்
வேருக்கும் சர்க்கரைக்கும் பேதமே இல்லையென்று
நாளை யாரோ நல்ல தாளில் அச்சடிப்பார்கள்.
வீட்டுக் காய்ச்சல் மாத்திரையோடு மோதினால்
மிஞ்சிய ஈரலும் போகும் என்று
யென் எச்சரித்ததும் நினைவுக்கு வந்தது.
அந்த அரைக் கிண்ணம் சோறும்.

அடையாளம் கண்டுவிட்டேன். பேனா அசையவில்லை.
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்
மதியம் முழுக்க.

நாலு மணிக்கு ஆம் என்று எழுதினேன்.

அடுத்த செவ்வாயும் வந்தார்.
பை கிடையாது என்று தெரிந்தும் வந்தார்.
துளையருகே குனிந்து,
"இனிமேல் சொல்லலாமே, நான் குடித்தது எந்தப் பானை?"
அவர் தோளுக்குப் பின்னால் ருய்ஃபென்
வேண்டாம் என்று தலையசைத்தாள்.
அவள் என்னை மன்னித்திருக்கவில்லை,
முகத்திலேயே எழுதியிருந்தது.

"கசப்பு ரெண்டிலும் ஒண்ணுதான்" என்றேன்.

சிரித்தார். கண்ணாடியில் அவர் மூச்சு
ஒரு வட்டமாகப் படர்ந்து
ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது.
எனக்குப் பின்னால் இரண்டாம் எண் பானை
பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம்.
திரும்பிப் பார்க்காமல் நின்றேன்,
அந்த வட்டம் முழுதும் போகிறவரை.